முதல் லோடுக்கு யார் ஏறுவது

செந்தில் என்னைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறான். பெரம்பலூரில் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த லாரி பாடி கட்டும் பட்டறையை இப்போது நடத்துகிறவன் அவன்தான். வருகிற லாரிக்காரர்களிடமெல்லாம், "எங்க கலியமூர்த்தி அண்ணன் இருக்காரே, பாடி மாத்துன வண்டியில கீறல் இருக்குன்னு தெரிஞ்சதும் பஸ் புடிச்சு ஓடிப்போயி, பாதி லோடு ஏறுன வண்டிய நிறுத்துனவரு" என்று ஆரம்பிப்பான். கேட்பவர் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். நான் அங்கே டீ குடிக்கப் போன சமயங்களில் இரண்டு மூன்று தடவை இது என் முன்னாலேயே நடந்திருக்கிறது. சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

இந்த வருடம் எங்கள் தொழில்காரர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். லாரிகள் இப்போது கம்பெனியிலேயே பாடி கட்டி, அனுமதி வாங்கி, வாசலுக்கு வந்து நிற்கின்றன. பழைய சேஸில் பாடியை மாற்றி உட்காரவைக்கும் வேலைக்குச் சட்டத்தில் கிட்டத்தட்ட இடமே இல்லை. "அந்த வேலை எப்படி நடந்துச்சுன்னு இப்ப இருக்கற பசங்களுக்குத் தெரியாதுண்ணே. நீங்க எழுதுங்க. அந்தக் கீறல் விஷயத்தையும் சேத்து எழுதுங்க" என்றான் செந்தில். சரி, எழுதுகிறேன். ஆனால் அவன் சொல்லித் திரிகிற கதையை எழுதப் போவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வேலை போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரு வண்டிக்கு அளவெடுத்துக் கட்டிய பாடியை இன்னொரு வண்டியின் முதுகில் உட்காரவைப்பது எத்தனை கவனமாகச் செய்தாலும் ஒட்டுவேலைதான். நன்றாகச் செய்தோம், அதில் பெருமை உண்டு. இன்றைக்கு என் மகன் ஒரு லாரி வாங்கினால், பாடி மாற்றிய வண்டியை வாங்காதே என்றுதான் சொல்வேன்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லாரிக்குக் கீழே, முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் ஓடும். எஞ்சின், சக்கரம், பாரம் எல்லாவற்றையும் தாங்குவது அதுதான். அதைச் சேஸ் என்போம். அதன்மேல் சரக்கு ஏற்றுவதற்காக மரத்திலும் இரும்பிலும் கட்டுவது பாடி. வண்டி எங்காவது மோதிச் சேஸ் வளைந்துபோய், பாடி மட்டும் நன்றாக இருந்தால், ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கிக்கொண்டு வேறொரு பழைய சேஸில் அந்தப் பாடியை ஏற்றுவோம். எங்கள் பக்கம் இதற்கு மூக்கு லாரியின் சேஸைத்தான் தேடுவார்கள். எஞ்சின் முன்னால் மூக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து லாரி. "அந்தக் காலத்து இரும்பு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் மறுபேச்சு கிடையாது. இருபது வருடம் சுண்ணாம்புக்கல் சுமந்து நொந்துபோன சேஸாக இருந்தாலும் அதற்கு ஒரு மரியாதை. நானும் அந்த மரியாதையில் குறை வைத்தவனில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். எனக்கு வெயில் ஆகாது என்று அம்மா ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிக்க அனுப்பினாள். இரண்டு வருடம் அரத்தால் ராவி ராவி ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக்கினேன். பட்டறைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, லாரிப் பட்டறையில் நிழல் என்பதே கிடையாது என்று. அம்மாவிடம் சொல்லவில்லை.

பட்டறையில் எங்களுக்கு மேல் இருந்தவர் அந்தோணிசாமி மேஸ்திரி. வரதராஜன்பேட்டைக்காரர். திங்கள் காலை பஸ்ஸில் வந்தால் சனிக்கிழமை சாயங்காலம்தான் ஊருக்குப் போவார். ஒல்லி உடம்பு, சத்தமே போடாத வாய். எல்லாரும் எல்லாரையும் பாதிப் பெயரில் கூப்பிடும் இடத்தில் அவர் மட்டும் முழுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். தப்பு செய்தவனைத் திட்ட மாட்டார். "கலியமூர்த்தி, இதைக் கழட்டு" என்பார், அவ்வளவுதான். எதற்குக் கழற்ற வேண்டும் என்று நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

பாடி மாற்றும் வேலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. சேஸ் வந்தால் முதலில் சக்கரத்தைக் கழற்றி நாலு முட்டுக்கட்டைமேல் நிறுத்துவோம். கம்பி பிரஷ்ஷால் துரு, சேறு, பழைய பெயிண்ட் எல்லாவற்றையும் தேய்த்தெடுத்த பிறகு, மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடிக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை. அப்புறம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ட்வைன் கயிறு இழுத்துக் கட்டி, சட்டம் எங்காவது தொய்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். கடைசியில் மண்ணெண்ணெய். சட்டம் முழுக்க மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் விட்டு, துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, மேலே சாக்பொடியைத் தூவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அதற்குள் இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாக எழும்பும். கீறல் எதுவும் இல்லையென்றால் பொடி பொடியாகவே இருக்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான், செயின் பிளாக்கின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும் பாடிக்குக் கீழே, சக்கரத்தைத் திரும்ப மாட்டிய சேஸைத் தள்ளிக்கொண்டு போவோம். நடுவில் மரப்பலகை வைத்து, பாடியை மெதுவாக இறக்கி, யூ போல்ட் என்கிற வளைந்த கம்பிகளால் இரண்டையும் சேர்த்து இறுக்குவோம். சேஸில் வெல்டிங் வைக்கக் கூடாது என்பது மேஸ்திரியின் கண்டிப்பு.

இன்னொரு கண்டிப்பும் இருந்தது. பாடியை உட்காரவைத்தவன் முதல் லோடில் வண்டியோடு போக வேண்டும். சரக்கு ஏறுகிற இடத்திலிருந்து இறங்குகிற இடம் வரைக்கும். இதில் ஐதீகம் ஒன்றும் இல்லை. முதல் பாரத்தில் மரப்பலகை நசுங்கும், யூ போல்ட் தளரும், வழியில் நாலைந்து இடத்தில் நிறுத்தி இறுக்க வேண்டும். ஆனால் எங்களுக்கு அது வேறொரு கணக்காகவும் இருந்தது. நீ செய்த வேலையின்மேல் நீயே உட்கார்ந்து போ என்பதுதான் அந்தக் கணக்கு. மெட்ராஸ், பெங்களூர் என்று ஊர் சுற்றிப் பார்த்ததெல்லாம் நான் அப்படித்தான்.

இனி துரைக்கண்ணு. செட்டிகுளத்துக்காரர், என் வயசுதான். சொந்த லாரி, அவரே ஓட்டுவார். சின்ன வெங்காயம் ஏற்றுவதற்கென்றே பக்கப் பலகைகளுக்கு நடுவில் காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டிய பாடி அவருடையது. எங்கள் பட்டறையில் கட்டியதுதான். ஒரு மழையில் வண்டி பாலத்துக் கட்டையில் மோதிச் சேஸ் வளைந்துபோனது. பாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் எங்கெங்கோ அலைந்து அரியலூர்ப் பக்கம் ஒரு மூக்கு லாரியைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். அப்போது வெங்காயம் பிடுங்குகிற நேரம். வயலில் வெங்காயம் குவிந்து கிடக்க, அதைக் கொண்டுபோகிறேன் என்று ஊரில் நாலு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இந்த மனிதர் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் மேஸ்திரி அரியலூரில் ஒரு டிப்பர் வேலைக்குப் போயிருந்தார். போகும்போது, "கலியமூர்த்தி, இதை நீ பாத்துக்க. எப்பக் குடுக்க முடியும்?" என்று கேட்டார். முதல் முறையாக ஒரு பாடி மாற்றும் வேலை முழுசாக என் கைக்கு வருகிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வெள்ளிக்கிழமை மேஸ்திரி" என்றேன். நான் திங்கட்கிழமை என்று சொல்லியிருந்தாலும் அவர் ஒப்புக்கொண்டிருப்பார். துரைக்கண்ணு பக்கத்தில் நின்றார், அதனால் வெள்ளிக்கிழமை என்று வாயில் வந்துவிட்டது.

குறுக்களவு சரியாக இருந்தது. கயிறு கட்டிப் பார்த்தபோது வலது பக்கச் சட்டம் பின்னால், பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கால் அங்குலத்துக்கு மேல் தொய்ந்திருந்தது. அந்த இடத்தில் யாரோ முன்பே சட்டத்தோடு இன்னொரு தகட்டைச் சேர்த்து ரிவிட் அடித்திருந்தார்கள். இரட்டைத் தகடு, பலம் கூடத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காலத்து இரும்பு, பாரம் சுமந்து பழகி லேசாக இறங்கியிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மண்ணெண்ணெய் தடவிச் சாக்பொடி தூவினேன். மற்ற இடமெல்லாம் பொடி பொடியாகவே இருந்தது. அந்த இரட்டைத் தகட்டின் ஓரத்தில் மட்டும் தலைமுடி கனத்தில் ஒரு ஈரக்கோடு எழும்பியது. அரை விரல் நீளம் இருக்கும். மிச்சம் தகட்டுக்கு அடியில் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாது.

அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று ஞாபகமில்லை. வாசலில் துரைக்கண்ணு யாரிடமோ, "நாளைக்கு வண்டி வந்துரும், மூட்டையத் தச்சு வைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் துடைத்தேன். பழைய பெயிண்ட்டின் கீறலாக இருக்கும் என்றுகூட நான் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. கீறல் என்று தெரிந்துதான் துடைத்தேன். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். தொய்வு தெரியாமலிருக்க அந்த மூலையில் வேங்கைப் பலகை ஒன்றை இழைத்து அடியில் அண்டை கொடுத்தேன். சாயங்காலம் பாடி இறங்கி உட்கார்ந்தபோது கொஞ்சமும் கோணாமல் நின்றது. துரைக்கண்ணு பத்தடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "புது வண்டி மாதிரி உக்காந்துடுச்சுண்ணே" என்றார். எங்கள் தொழிலில் உள்ள பெரிய கேடு இது. பார்க்கிறவன் பாடியைத்தான் பார்ப்பான், நாங்களும் அவன் கண்ணுக்குத்தான் வேலை செய்வோம்.

வெள்ளிக்கிழமை காலையில் மேஸ்திரி அரியலூரிலிருந்து வந்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்தார். மேலே கையை வைத்துப் பார்த்தார். நான் அளவு குறித்து வைத்த அட்டையைக் கேட்கவில்லை. என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "கலியமூர்த்தி, ஸ்பேனர் பையை எடுத்துக்கிட்டு ஏறு" என்றார்.

செட்டிகுளத்தில் லோடு ஏற்றி, அங்கிருந்து மெட்ராஸ். பத்து டன் வெங்காயம்.

"மேஸ்திரி, இன்னிக்கு என் தங்கச்சி மவனுக்குக் காது குத்து. ஜெயங்கொண்டத்துல. மாமன் நான் போவணும்" என்றேன்.

காது குத்து இருந்தது உண்மை. ஆனால் அடுத்த வாரம். மேஸ்திரி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. மாமன் மடி இல்லாம எப்படிக் காது குத்துவாங்க. போ, போ" என்றார். பிறகு என் கையிலிருந்த ஸ்பேனர் பையை வாங்கிக்கொண்டு, கேபின் படியில் காலை வைத்துக் கஷ்டப்பட்டு ஏறி உட்கார்ந்தார். முழங்கால் வலி அவருக்கு. வேறு யாரையாவது அனுப்புவார் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, நான் எதையுமே நினைத்திருக்கவில்லை. வண்டி கிளம்பி நாலு ரோட்டுப் பக்கம் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

சொன்ன பொய்க்குச் சாட்சி வேண்டுமே. பட்டறையில் இருந்தவர்கள் பார்க்கும்படி சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிக்கெட்டும் வாங்கினேன். பஸ் ஊரைத் தாண்டியது. மேஸ்திரி படியில் ஏறும்போது ஒரு கையால் முழங்காலைத் தூக்கி வைத்தாரே, அதுவே கண் முன்னால் நின்றது. அந்த மனிதரை நான் ஏற்றிவிட்டிருக்கிறேன். எழுந்து, "நிறுத்துங்க, எறங்கணும்" என்றேன். கண்டக்டர், "இப்பத்தானய்யா ஜெயங்கொண்டம்னு சீட்டு வாங்குன" என்று கேட்டுக்கொண்டே விசில் ஊதினார்.

திரும்பிப் பெரம்பலூர். அங்கிருந்து திருச்சி போகிற பஸ். ஆலத்தூர் கேட்டில் இறங்கினால் செட்டிகுளத்துக்கு உடனே பஸ் இல்லை. பால் கேன் கட்டிக்கொண்டு வந்த ஒருவரின் டி.வி.எஸ். வண்டியில் தொற்றிக்கொண்டேன். வழியில் எதிரே லாரி வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே போனேன். எதிரே வந்தால் எப்படி நிறுத்துவது என்றும் தெரியவில்லை.

மலைக்கோயில் தெரிகிற ஒரு வயலோரம் வண்டி நின்றுகொண்டிருந்தது. நூறு மூட்டைக்கு மேல் ஏறியிருந்தது. ஆட்கள் பலகைமேல் நடந்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். மேஸ்திரியைக் காணோம். கிட்டே போனபோது வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. வலது பக்கம், பின்னால். மல்லாந்து படுத்து யூ போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் கொடுக்கவேண்டிய முறுக்கு அது.

"மேஸ்திரி, வெளிய வாங்க" என்றேன்.

அவர் ஊர்ந்து வெளியே வந்து, தலையிலிருந்த மண்ணைத் தட்டினார். "காது குத்து என்னாச்சு?"

"பொய் மேஸ்திரி. அடுத்த வாரம்தான்."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"டபுள் பிளேட்டு ஓரத்துல கீறல் இருக்கு மேஸ்திரி. சாக்பொடில தெரிஞ்சுது. நாந்தான் தொடச்சுட்டுப் பெயிண்ட் அடிச்சேன்."

ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்து மேஸ்திரி கையை உயர்த்தினார். அவர்கள் நின்றார்கள். துரைக்கண்ணு என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். மேஸ்திரி அவரிடம், "பக்கத்து வூட்டுல கொஞ்சம் மண்ணெண்ண வாங்கிட்டு வா. சாக்பொடி இருக்காது. வண்டியில துன்னூறு இருக்கா?" என்று கேட்டார்.

கேபினில் முருகன் படத்துக்கு முன்னால் மலைக்கோயில் திருநீறு ஒரு பொட்டலம் இருந்தது. துரைக்கண்ணு அதை எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டே நின்றார். மேஸ்திரிக்குப் புரிந்தது. "நான் வேதக்காரன். கோயில் துன்னூற இதுக்கு எடுக்கறது தப்புன்னா சொல்லிடு, வேற பாக்கலாம்" என்றார். துரைக்கண்ணு பொட்டலத்தைப் பிரித்து அவர் உள்ளங்கையில் கொட்டினார். "தப்பா இருந்தா அவரு என்னைக் கேக்கட்டும்" என்றார்.

மேஸ்திரி பெயிண்ட்டைச் சுரண்டினார். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, திருநீற்றை ஊதி விட்டார். இந்தத் தடவை காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. பாதி பாரத்திலேயே கீறல் வாய் விட்டிருந்தது. தகட்டு ஓரத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இறங்கியது. மேஸ்திரி நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் உள்ளே போனது.

துரைக்கண்ணு அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி ஆட்களிடம், "முன்னாடிலேர்ந்து எறக்காதீங்க, பின்னாடிலேர்ந்து எறக்குங்க" என்று மட்டும் சொன்னார். ஏற்றியதையெல்லாம் இறக்க வேண்டும் என்றதும் ஆட்கள் முணுமுணுத்தார்கள். நானும் பலகையில் ஏறி மூட்டை தூக்கினேன். வெங்காயத்தை வேறொரு லாரியில் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, காலி வண்டியை நடைவேகத்தில் பெரம்பலூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தோம். துரைக்கண்ணு ஓட்ட, நடுவில் மேஸ்திரி, ஓரத்தில் நான்.

ஆலத்தூர் கேட் தாண்டிய பிறகு மேஸ்திரி ரோட்டைப் பார்த்தபடியே, எஞ்சின் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். "நான் ஏறலேன்னா, நீ வந்திருப்பியா?"

"வந்திருப்பேன் மேஸ்திரி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. வேறு சேஸ் வந்தது. பத்து நாளில் நானே பாடியை மாற்றி, மெட்ராஸ் வரைக்கும் அதில் போய்வந்தேன். முதலாளியிடம் என்ன சொன்னாரோ, என் வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் ஓய்வு பெறும் வரை, நான் அளந்த ஒவ்வொரு சேஸையும் எனக்குப் பின்னால் வந்து அவர் ஒருமுறை அளந்தார். எல்லார் முன்னாலும், சத்தமில்லாமல். ஒன்பது வருடம். எனக்குக் கோபம் வந்ததில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமையைத்தான் செந்தில் கதையாக்கிக்கொண்டிருக்கிறான். அவன் அதற்குப் பிறகு பட்டறைக்கு வந்தவன். பஸ் பிடித்துப் போனது, வண்டியை நிறுத்தியது எல்லாம் அவனுக்கு அடுத்தவர் வாய் வழியாக வந்தவை. துடைத்த கட்டைவிரல் அந்தக் கதையில் கிடையாது. காது குத்தும் கிடையாது. துரைக்கண்ணுவுக்கு இந்த இரண்டும் தெரியும். தெரிந்தும், வயலுக்கு நான் வந்ததைத்தான் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். வருடா வருடம் வெங்காயம் பிடுங்கியதும் எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை வந்துவிடும். ஒருமுறை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "தப்பு யாருதான் பண்ணலண்ணே. எனக்காக பஸ் ஏறி வந்தீங்கள்ல" என்றார். "ஆமாம்பா" என்றேன்.

எழுத உட்கார்ந்தபோது பேனா அந்த "ஆமாம்பா"வில்தான் நின்றது. நான் அவருக்காகப் போகவில்லை. மேஸ்திரி அந்த வண்டியில் ஏறாமல் வேறு எவனாவது ஏறியிருந்தால், நான் ஜெயங்கொண்டத்தில் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பேன். துரைக்கண்ணுவின் உயிர் மட்டும் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கப் போதவில்லை. இதை அவர் முதலில் அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று போன மாதம் செட்டிகுளத்துக்குப் போனேன். இப்போது அவர் லாரி ஓட்டுவதில்லை, வெங்காயம் மட்டும் போடுகிறார். களத்தில் வைத்துச் சொன்னேன்.

"அவரு ஏறலேன்னா வந்திருக்க மாட்டீங்க" என்றார்.

"வந்திருக்க மாட்டேன்."

வெங்காயத் தாளை வேறாகவும் காயை வேறாகவும் ஆய்ந்துகொண்டிருந்த கை நிற்கவே இல்லை. "அப்ப இத்தன வருசமா தப்பான வூட்டுக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மேஸ்திரி சம்சாரம் இருக்காங்களா?" என்று கேட்டார். வரதராஜன்பேட்டையில் இருக்கிறார், மேஸ்திரி இறந்து ஆறு வருடமாகிறது என்றேன். எழுந்து போய் ஒரு மூட்டையைத் தைத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "நீங்களே கொண்டுபோயி குடுங்க. எதுக்குன்னும் நீங்களே சொல்லுங்க."

மூன்று பஸ் மாறி அந்த மூட்டையைக் கொண்டுபோனேன். மேஸ்திரியின் மனைவி ஆரோக்கியமேரி அம்மாவுக்கு என்னைப் பார்த்ததில் ரொம்பச் சந்தோஷம். காப்பி கொடுத்தார். மேஸ்திரி வீட்டில் பட்டறை விஷயம் எதையும் பேசியதே இல்லையாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு கட்டியது, கோடு எழும்பியது, துடைத்தது, காது குத்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறியது. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை வாங்க, போங்க என்று பேசிக்கொண்டிருந்தவர்.

"தெரிஞ்சேவா அவர ஏத்தி வுட்ட?" என்று ஒருமையில் கேட்டார்.

"தெரிஞ்சேதாம்மா."

அவர் சுவரில் மாட்டியிருந்த மேஸ்திரியின் படத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மூட்டை வெயிலில் கிடக்கிறது, உள்ளே எடுத்து வை என்றார்.